முழங்காலின் பின்னே ஒரு வீக்கம்

பிறந்த ஊரை விட்டுப் பல நூறு மைல்களுக்கு அப்பால் வந்து வாழ்கின்ற நம்மவர் இல்லங்களில், முதிய பெற்றோர் வந்து தங்கும் நாள்களில் முதலில் எழுகின்ற குறை பெரும்பாலும் மாடிப்படியைப் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். ஊரில் அவர்கள் வாழ்ந்த வீடு தெருவோடு ஒட்டித் தரைமட்டத்தில் அமைந்தது. வாசலில் இரண்டு படி. அதைக் கடந்தால் திண்ணை, ரேழி, கூடம் என்று எல்லாம் ஒரே தளத்தில் இருந்தன. இங்கேயோ, தில்லியானாலும் மும்பையானாலும் கொல்கத்தாவானாலும், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளே பலருக்கு வாய்த்திருக்கின்றன. காலையில் பால் வாங்க ஒருமுறை, மாலையில் கோயிலுக்கு ஒருமுறை என்று படியிறங்கிய அன்னையார், சில நாள்களில் ஒருமுறை இறங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார். பின்னர் அதுவும் நின்றுவிடுகிறது. “முட்டி வலிக்கிறது” என்று அவர் சொன்னால், “வயதானால் அப்படித்தான் இருக்கும்” என்று நாம் விடை சொல்கிறோம். “வாயுப் பிடிப்பு” என்று அவரும் தமக்குத்தாமே சமாதானம் கூறிக்கொள்கிறார். இந்த இரு விடைகளுக்கும் இடையே, உரிய காலத்தில் கவனித்திருந்தால் எளிதில் தணிந்திருக்கக்கூடிய பல துன்பங்கள் மறைந்து போய்விடுகின்றன.

அத்தகைய துன்பங்களுள் ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். அது முழங்காலின் பின்புறக் குழியில் தோன்றும் நீர்க்கட்டி. நம் முழங்காலின் பின்புறத்தை நாமே காண்பதில்லை ஆதலால், இக்கட்டி பல நாள் வளர்ந்த பின்னரே தெரியவரும். நாற்காலியின் விளிம்பு உறுத்தும்போதோ, சப்பணமிட்டு அமர முயலும்போது ஏதோ பந்து போல் தடுக்கும்போதோ, எண்ணெய் தேய்த்துவிடும் மகளின் கைக்குத் தட்டுப்படும்போதோ அது வெளிப்படும். அப்பொழுது வீட்டில் இருவகை மனநிலை தோன்றும். ஒரு சாரார் புற்றுநோயோ என்று அஞ்சி உறக்கம் இழப்பர். மற்றொரு சாரார் நரம்புப் பிசகு என்று முடிவு செய்து, அழுத்தித் தேய்க்கத் தொடங்குவர். முதலாவதற்குப் பெரும்பாலும் காரணம் இல்லை. இரண்டாவதோ சில வேளைகளில் உயிருக்கே தீங்காகலாம். ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

மூட்டும் அதன் நீரும்

முழங்கால் என்பது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் கூடுகின்ற இடம். முன்னே ஒரு சில்லு காப்பாக அமைந்திருக்கிறது. எலும்புகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றின் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அவற்றின் இடையே, பிறை வடிவில் இரு குருத்தெலும்புத் தட்டுகள் மெத்தை போல் கிடந்து, நடக்கும்போது விழும் பாரத்தைத் தாங்குகின்றன. மூட்டைச் சுற்றிலும் ஓர் உறை இருக்கிறது. அவ்வுறையின் உட்சவ்வு சுரக்கின்ற வழுக்குநீர்தான் மூட்டுக்கு எண்ணெய் போன்றது. நலமாக உள்ள முழங்காலில் இந்நீரின் அளவு மிகச் சிறிது; 4 மில்லிலிட்டருக்குள் அடங்கிவிடும்.

தசைநார்கள் எலும்பின்மேலும் ஒன்றின்மேல் ஒன்றும் உராய்கின்ற இடங்களில் சிறு நீர்ப்பைகளையும் இயற்கை அமைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று முழங்காலின் பின்புறத்தில், உட்பக்கமாக, கெண்டைக்கால் தசைக்கும் பின்தொடையிலிருந்து இறங்கும் தசைநாருக்கும் இடையே உள்ளது. பெரியவர்கள் பலருக்கு இந்த நீர்ப்பைக்கும் மூட்டின் உட்புறத்துக்கும் இடையே ஒரு சிறு வாயில் இருக்கும். மூட்டுக்குள் ஏதேனும் கோளாறு உண்டாகி உட்சவ்வு அழற்சியுற்றால், வழுக்குநீர் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது ஏற்படும் அழுத்தம், மிகுந்த நீரை அந்த வாயில் வழியே பைக்குள் தள்ளுகிறது. மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வு காற்றை உள்ளே விடுமே தவிர, வெளியே விடாதல்லவா? ஏறக்குறைய அவ்வாறே இவ்வாயிலும் நீரை உள்ளே விடுகிறது. திரும்ப விடுவதில் தயங்குகிறது. பை நாளடைவில் பருத்துக் கட்டியாகிறது.

இதனை 1840ஆம் ஆண்டிலேயே டப்ளின் நகரத்து மருத்துவர் இராபர்ட் ஆடம்ஸ் எடுத்துக் கூறியுள்ளார். ஆயினும், 1877ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவராக விளங்கிய வில்லியம் மோரண்ட் பேக்கர், இக்கட்டி மூட்டு நோயோடு தொடர்புடையது என்பதை விளக்கி எழுதினார். அவர் பெயராலேயே ‘பேக்கர் கட்டி’ என்று இன்றளவும் வழங்குகிறது. மருத்துவர் எழுதித்தரும் சீட்டில் இச்சொல்லைக் கண்டு, ரொட்டிக் கிடங்கில் வேலை செய்வோர்க்கு வரும் நோய் என எண்ணிவிட வேண்டா.

கட்டி ஒரு தூதன்

இதுவரை சொன்னவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். பெரியவர்களுக்கு வரும் இக்கட்டி ஏறத்தாழ எப்பொழுதும் மூட்டுக்குள் இருக்கும் வேறொரு கோளாற்றின் விளைவே ஆகும். ஆகையால், கட்டியைப் போக்குவது எப்படி என்று கேட்பதற்கு முன், மூட்டில் நீர் ஊறுவது ஏன் என்று கேட்க வேண்டும். தூதனை அடித்து விரட்டிவிட்டால் செய்தி பொய்யாகிவிடாது.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் மிகுதியாகக் காணும் காரணம் மூட்டுத் தேய்வு. குருத்தெலும்பு மெலிந்து, மூட்டு முழுவதும் சிறுகச் சிறுக மாறுதல் அடைவதே அது. படியேறி இறங்கும்போது வலி மிகும், ஓய்வில் தணியும். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருந்தாலும் அரை மணிக்குள் நெகிழ்ந்துவிடும்.

இரண்டாவது, பிறைத் தட்டு கிழிந்திருத்தல். இளைஞர்களுக்கு விளையாட்டில் கால் முறுக்கிக்கொள்வதால் இது நேரும். முதியவர்களுக்கோ, தரையிலிருந்து எழும்போது சற்றே திரும்பியதாலும் நேர்ந்துவிடும். நடக்கையில் முழங்கால் திடீரென்று பூட்டுப் போட்டாற்போல் நின்றுவிட்டாலும், காலை முழுமையாக நீட்ட இயலாவிட்டாலும் இதனை ஐயுற வேண்டும்.

மூன்றாவது முடக்குவாதம். உடலின் காப்புப் படையே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருகின்ற நோய் இது. கைவிரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் இருபுறமும் ஒருசேர வீக்கம் இருக்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடிக்கும். ஆண்களைக் காட்டிலும் பெண்களை மிகுதியாகப் பற்றுவது. முப்பது, நாற்பது வயதுத் தாய்மார்களுக்கும் வரும். இதனைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உரிய மருந்துகளைத் தொடங்கினால் மூட்டுகள் கோணிப்போகாமல் காக்கலாம். “வாயு” என்று ஓராண்டு காத்திருப்பவர்கள் இழப்பது இந்த வாய்ப்பையே.

யூரிக் அமிலம் மிகுவதால் உண்டாகும் வாதமும் உண்டு. அது பெரும்பாலும் காற்பெருவிரலின் அடிக்கணுவில் நள்ளிரவில் திடீரெனத் தொடங்கும். முழங்காலையும் பற்றுவது உண்டு.

குழந்தைகளின் முழங்காலுக்குப் பின்னே தோன்றும் கட்டி வேறு வகையானது. பெரும்பாலும் மூட்டில் எக்கோளாறும் இன்றியே வந்து, வலியும் தராமல், காலப்போக்கில் தானே மறையும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொண்ட பின் பெற்றோர் பொறுமையோடிருக்கலாம்.

அடையாளங்கள்

சிறிய கட்டி எத்தொல்லையும் தராமல் இருந்துவிடக்கூடும். வேறொன்றுக்காக எடுத்த ஸ்கேன் படத்தில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு. சற்றுப் பெரிதாயின், முழங்காலின் பின்னே இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்ச்சி இருக்கும். நெடுநேரம் நின்றாலும், காலை முற்றிலும் நீட்டினாலும் முற்றிலும் மடக்கினாலும் அது மிகும். எளிய சோதனை ஒன்று உண்டு. காலை நீட்டி நிற்கும்போது கட்டி கெட்டியாக இருக்கும். பாதியளவு மடக்கியதும் மென்மையாகிவிடும் அல்லது மறைந்துவிடும். காலை எந்நிலையில் வைத்தாலும் கல்போல் கெட்டியாகவே இருப்பதும், விரைந்து வளர்வதும், இரவில் உறங்கவொட்டாத வலி தருவதும், தொட்டால் நாடி போல் துடிப்பதும் இந்நீர்க்கட்டியின் இயல்புகள் அல்ல. நாடி போல் துடித்தால் அது இரத்தக் குழாயின் புடைப்பாக இருக்கலாம். இவற்றை மருத்துவர் விரைவில் காண வேண்டும். ஒலியலை ஸ்கேன் ஒன்றினாலேயே கட்டிக்குள் இருப்பது நீரா, வேறு பொருளா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். வலியோ கதிர்வீச்சோ அதில் இல்லை.

வலிக்குத் தமிழில் பல பெயர்

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இவ்விடத்தில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அன்னையார் தம் துன்பத்தைத் தமிழில் கூறுகிறார். மகனோ மருமகளோ அதை மருத்துவரிடம் இந்தியில் கூறுகிறார். தமிழிலோ வலியைக் குறிக்கும் சொற்கள் ஒன்றா, இரண்டா? குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுளீரென்று இழுத்தல் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு துன்பத்தைச் சுட்டும். மதமதப்பு என்றால் நரம்பு அழுத்தப்படுகிறதோ என்று மருத்துவர் எண்ணுவார். விண்விண்ணென்று தெறிக்கிறது என்றால் அழற்சியையோ சீழையோ தேடுவார். பிடிப்பு காலையில் மட்டுமா, நாள் முழுதுமா என்பதைக் கொண்டு தேய்வா, முடக்குவாதமா என்று பிரித்தறிவார். நாம் இவை அனைத்தையும் ‘தர்த்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிக் கூறிவிட்டால், நோயாளி சொன்னதில் பெரும்பகுதி மருத்துவர் செவியை எட்டாமலே போகும்.

ஆகையால் மருத்துவரிடம் செல்வதற்கு முதல் நாள் மாலையில் அன்னையாரோடு கால் மணி நேரம் அமர்ந்து, வலி எந்த இடத்தில், எப்பொழுது தொடங்கியது, எதனால் மிகுகிறது, எதனால் தணிகிறது, காலையில் எவ்வளவு நேரம் இறுகியிருக்கிறது, காய்ச்சல் உண்டா, வேறு எந்த மூட்டில் வீக்கம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பெயரையும் எழுதுங்கள். ஊர் வைத்தியர் கொடுத்த பொடியையும் விட்டுவிட வேண்டா. இந்தியில் முழங்கால் ‘குட்னா’; அதன் பின்புறம் ‘குட்னே கே பீச்சே’; வீக்கம் ‘சூஜன்’; இறுக்கம் ‘அகடன்’; கெண்டைக்கால் ‘பிண்டலீ’. கொல்கத்தாவில் முழங்காலை ‘ஹாட்டு’ என்றும், வீங்கியிருப்பதை ‘ஃபோலா’ என்றும் கூறுவர். மகன் அலுவலகம் சென்ற நேரத்தில் தனியே இருக்கும் முதியவர்க்கு இச்சொற்கள் நான்கைந்து தெரிந்திருப்பதும் நல்லது. அடுத்த வீட்டாரின் உதவியைக் கோர அவையே போதும்.

அஞ்ச வேண்டிய இடம்

இனி, முன்னர்ச் சொல்லாமல் நிறுத்தியதைக் கூறுவோம். இந்நீர்க்கட்டி சில வேளைகளில் உடைந்துவிடும். உடைந்தால் உள்ளிருந்த நீர் கெண்டைக்கால் தசைகளின் இடையே இறங்கும். கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சிவந்து, சூடேறி, கடுமையாக வலிக்கும். நீர் கால் வழியே ஓடுவது போன்ற உணர்ச்சி சிலருக்கு உண்டாகும். சில நாள்களில் கணுக்காலின் அருகே பிறை வடிவில் கருநீலத் தழும்பு தோன்றுவதும் உண்டு. இது துன்பம் தருவதேயாயினும், ஓய்விலும் சிகிச்சையிலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

ஆனால் இதே அடையாளங்களோடு வருகின்ற வேறொரு நிலைமை உண்டு. காலின் ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடுவதே அது. அங்கும் கெண்டைக்கால் வீங்கும்; சிவக்கும்; வலிக்கும். அந்த உறைகட்டியில் ஒரு துண்டு பெயர்ந்து இரத்த ஓட்டத்தோடு நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொண்டால் உயிர் பிரியவும் கூடும். உடைந்த நீர்க்கட்டி எது, உறைந்த இரத்தம் எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவமுள்ள மருத்துவர்க்கும் அரிது. பெரிய நீர்க்கட்டி சிரையை அழுத்துவதால் இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு.

இத்தகைய நிலைமை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நெல்லையிலிருந்து ஓர் அம்மையார் தில்லியில் உள்ள மகள் வீட்டுக்கு வருகிறார். சென்னையிலிருந்து தில்லிக்கு மட்டும் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரயிலில் ஒரு நாளுக்கும் மேற்பட்ட பயணம். வழியில் எழுந்து நடந்தால் பெட்டிக்கு யார் காவல் என்று எண்ணி, அவர் இருக்கையை விட்டு அசையவில்லை. அடிக்கடி எழுந்திருக்க நேருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. வந்த மூன்றாம் நாள் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. “பயண அலுப்பு, எண்ணெய் காய்ச்சி நன்றாக உருவிவிட்டால் சரியாகிவிடும்” என்கிறார் அவர். மகளும் அன்போடு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வருகிறார். வாசகர்களே, அந்த அன்புக் கை அவ்விடத்தில் நிற்க வேண்டும். உறைந்த இரத்தம் உள்ளே இருக்குமானால், அழுத்தி உருவுவது அதனைப் பெயர்த்து அனுப்புவதற்கு ஒப்பாகும்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அசையாது அமர்ந்திருப்பதால் சிரையில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விமானம் மட்டுமன்றி, இரயில், பேருந்து, கார் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நலமுள்ள ஒருவர்க்கு அந்த அபாயம் மிகச் சிறியதே என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவர்க்கு என்பது கணக்கு. எனினும் வயது முதிர்ந்தவர்கள், உடல் பருத்தவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், முன்னர் ஒருமுறை இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்கள் ஆகியோர்க்கு அது கூடுதல். இரயிலில் செல்வோர் மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டியின் கோடி வரை நடப்பதும், அமர்ந்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைப்பதும், தண்ணீர் போதிய அளவு பருகுவதும் நல்ல காப்பு. சாமான்களைப் பார்த்துக்கொள்ள எதிர் இருக்கையினரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதில் குறைவொன்றும் இல்லை.

வீட்டில் தையல் நாடா ஒன்று இருக்குமானால், முழங்கால் சில்லுக்குக் கீழே முன்புறம் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கத்தில் இரு கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அது மருத்துவர் பொருட்படுத்துகின்ற அடையாளம். வேறுபாடு குறைவாயிருந்தால் அபாயம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அன்றைய தினமே மருத்துவமனைக்குச் சென்று, இரத்த ஓட்டத்தைக் காட்டுகின்ற டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறலோ, மார்பு வலியோ, இருமலில் இரத்தமோ சேர்ந்து வருமானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 112 என்ற எண்ணை அழையுங்கள்.

முழங்கால் சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேர்ந்து, தொடவே முடியாத வலி இருப்பினும் அன்றே செல்ல வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்திருக்கலாம். அந்நிலையில் நாள்கணக்கில் தாமதித்தால் மூட்டே அழிந்துவிடும்.

சிகிச்சை

தொல்லை தராத கட்டியை அப்படியே விட்டுவிடலாம். வீக்கமும் வலியும் உள்ளபோது சில நாள் ஓய்வும், காலைச் சற்று உயர்த்தி வைப்பதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றுவதும் பயன் தரும். கட்டி பெரிதாயின் ஸ்கேன் படத்தைப் பார்த்தவாறே ஊசியால் நீரை எடுத்து, மூட்டுக்குள் ஸ்டீராய்டு மருந்து செலுத்துவர். மூட்டின் மூலக்கோளாறு தீராதவரை நீர் மறுபடியும் ஊறக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். “ஊசி போட்டும் திரும்ப வந்துவிட்டதே” என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. கட்டியை மட்டும் வெட்டி எடுப்பது இக்காலத்தில் அரிது. வீட்டில் ஊசியால் குத்துவதும், சூடு வைப்பதும், பச்சிலை வைத்து இறுகக் கட்டுவதும் கிருமியை வரவழைத்துக்கொள்ளும் வழிகள். அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

வலி மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. இம்மாத்திரைகளுள் பல இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தைத் தளர்த்தும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடரக் கூடாது. மேலே பூசும் வலிக்களிம்பு முழங்கால் தேய்வுக்கு நற்பயன் தருவதோடு தீங்கும் குறைந்தது. இன்ன பொருள் என்று சொல்லாமல் விற்கப்படும் ‘மூட்டுவலிப் பொடி’களுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சோதனைச் சாலைகள் கண்டிருக்கின்றன. இரண்டே நாளில் வலி பறந்துபோனது என்றால், மகிழ்வதற்கு முன் ஐயுறுவதே அறிவுடைமை. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்று நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இதுவரை இல்லை.

இல்லத்தில் செய்யத்தக்கவை

மூட்டுத் தேய்வுக்கு மருந்தினும் மேலாக உதவுவன இரண்டு. ஒன்று எடைக் குறைப்பு. உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைப்பிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவர் தம் முழங்காலுக்கு ஒவ்வொரு அடியிலும் இருபது கிலோ மூட்டையை இறக்கிவைத்தவர் ஆவார்.

மற்றொன்று தொடையின் முன்தசையை உறுதிப்படுத்தல். கட்டிலில் கால் நீட்டி அமர்ந்து, சுருட்டிய துண்டு ஒன்றை முழங்காலின் கீழ் வைத்து, முழங்காலால் துண்டை அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்துக; பத்து முறை செய்க. பின், நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை மெல்ல நேராக நீட்டி ஐந்து எண்ணி இறக்குக. இதையும் பத்து முறை செய்க. காலையும் மாலையும் செய்துவந்தால் ஆறு முதல் எட்டு வாரங்களில் படியேறுவதில் வேறுபாடு தெரியும். வீக்கம் மிகுந்துள்ள நாள்களில் மட்டும் நிறுத்தி வைக்கலாம். வலிக்கிறது என்று முற்றிலும் முடங்கிவிட்டால் தசை மெலியும், தசை மெலிந்தால் மூட்டின்மேல் பாரம் கூடும், வலி பெருகும்.

நம் இல்ல வழக்கங்களில் முழங்காலை மிகவும் வருத்துவது குந்தி அமர்தல். வாசலில் கோலமிடுவது, அரிவாள்மணையில் காய் நறுக்குவது, தரையில் குந்தித் துவைப்பது, பழைய முறைக் கழிப்பிடம் ஆகிய யாவும் முழங்காலை முழுதும் மடக்குவன. கோலத்தை விட்டுவிடும்படி எந்தத் தாயிடமும் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒரு குட்டையான முக்காலியில் அமர்ந்து இடலாம். நாள்தோறும் சிறு கோலமும், வெள்ளிக்கிழமைகளில் பேத்தியின் துணையோடு பெரிய கோலமும் இடலாம். அரிவாள்மணையை மேடைக்குக் கத்தியாக மாற்றிக்கொள்ளலாம். கழிப்பிடத்தில் உயர்ந்த இருக்கையும், பக்கச் சுவரில் பிடித்தெழ ஒரு கம்பியும் அமைப்பது பெருஞ்செலவல்ல.

கைத்தடி பிடிப்பது இழுக்கு என்று பலர் கருதுகின்றனர். தடி முழங்காலின் பாரத்தைக் குறைக்கும், விழாமல் காக்கும். அதனை வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதைப் பலர் அறியார். படியேறும்போது நல்ல காலை முதலிலும், இறங்கும்போது வலியுள்ள காலை முதலிலும் வைக்க வேண்டும்.

இவையாவும் செய்த பின்னரும் இரவில் உறக்கம் கெட்டு, வீட்டுக்குள்ளேயே நடக்க இயலாத நிலை வருமானால், மூட்டு மாற்று அறுவையைப் பற்றி மருத்துவரோடு கலந்து பேசலாம். செயற்கை முழங்காலின் விலைக்கு 2017 ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வருமான வேறுபாடின்றி, 70 வயது நிறைந்த முதியோர்க்கெல்லாம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவ உதவி தரும்படி விரிவாக்கப்பட்டது. எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்பதை முன்னரே கேட்டறிந்து செல்வது நலம். பெற்றோரின் ஆதார் அட்டையில் ஊர் முகவரி இருக்கிறதே என்பதற்காகக் கேளாமலே இருந்துவிட வேண்டா.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விதழ் கைக்கு வந்த அன்று மாலையே, வீட்டிலுள்ள பெரியவரைச் சற்று நிற்கச் சொல்லி, அவருடைய முழங்கால்களின் பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். படியிறங்கி எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். நமக்குத் தொல்லை தரலாகாது என்பதற்காகவே பல நாள் வலியை அடக்கி வைத்திருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். அடுத்த இதழில், கையைத் தலைக்கு மேல் உயர்த்த விடாத தோள்மூட்டு இறுக்கத்தைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம்.